கலைந்த சபைகளின் இணைய மயானம்

ஒரு ஸ்தாபனம் கலைக்கப்படும்போது அதன் மேஜை நாற்காலிகள் ஏலம் போவதும், காகிதக் கட்டுகள் ஆவணக் காப்பகத்தைச் சேர்வதும் நெடுநாளைய சம்பிரதாயம். அதன் இணையதளமோ, கணினியின் இயக்கம் நிறுத்தப்பட்ட மறுகணமே சுவடின்றி மறைந்துவிடும்.

மத்திய, மாகாண அரசுகளிடையே உள்ள உறவுகளை ஆராய அமெரிக்காவில் 1959இல் தோன்றிய ஆலோசனைக் குழு 1996இல் மூடப்பட்டபோது, அக்கதி நேராமல் அதன் தளத்தைக் காத்தவர்கள் டென்டன் நகரிலுள்ள வட டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகத்தார். அரசாங்க அச்சகத்தின் ஒத்துழைப்புடன் 1997இல் அவர்கள் தொடங்கிய கைங்கரியத்துக்கு 'சைபர் செமட்ரி', அதாவது இணைய மயானம், என்று பெயர் வழங்கலாயிற்று.

ஆயுள் முடிந்த ஆணையங்களின் பக்கங்களையும் அறிக்கைகளையும் பிரதியெடுத்து, பழைய தோற்றம் குலையாமல் நிலைநிறுத்துவதே அங்கு நடைபெறும் காரியம். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களை விசாரித்த ஆணையத்தின் தளமும் அங்கே சேர்ந்தது. 2004 ஆகஸ்டு 21இல் அவ்வாணையம் முடிவுற்றது என்னும் குறிப்பைத் தாங்கி நிற்கும் அத்தளத்தில், பகிரங்க விசாரணைகளில் பேசப்பட்ட சாட்சியங்கள் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

பெயரில் மயானமாயினும் பயனில் அது நூலகமே. ஜனங்களின் வரிப்பணத்தில் எழுதப்பட்ட அறிக்கைகள், எழுதிய சபை கலைந்த பிறகும் ஜனங்களுக்கே உரியவை என்ற தர்மத்தை அந்நூலகத்தார் காரியத்தில் காட்டியிருக்கிறார்கள். அதற்காக வருங்கால சரித்திர ஆசிரியர் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடமைப்பட்டவராவார்.