மின்பொறியால் கடினமாகும் உருக்கு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மனுகாவ் துறைமுகத்தை ஒட்டி அமைந்துள்ள ஒனிஹங்காவில் 1880களில் இரும்பாலை ஒன்று தொடங்கப்பட்டது. மேற்குக் கடற்கரையின் கருமணலிலிருந்து இரும்பு எடுப்பதே அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது. அம்மணலில் இரும்போடு கலந்துள்ள டைட்டேனியம், ஊதுலைகளில் கசடைக் கெட்டிப்படுத்திப் பெருந்தொல்லை தருவது. 1960களின் இறுதியில் கிளென்புரூக்கில் வேறொரு முறை கையாளப்பட்ட பிறகே கருமணல் இரும்பு வணிக அளவில் கைகூடியது.

இரும்பாலைகளுக்குத் தொல்லை தந்த அதே டைட்டேனியம், இன்று உருக்கின் மேற்பரப்பைக் கடினமாக்கப் பயன்படுகிறது. அதற்கான கருவி, தமிழகப் பட்டறைகளில் 'ஸ்பார்க் மெஷின்' என்றே அறியப்படும் மின்பொறி அரிப்பு இயந்திரம்.

மின்தொடுமுனைகள் பொறியால் தேய்வதைத் தடுக்க வழிதேடிய சோவியத் விஞ்ஞானிகளான போரிஸ் லாசரென்கோ, நடாலியா லாசரென்கோ தம்பதியர், 1943இல் அந்தத் தேய்மானத்தையே உலோகம் செதுக்கும் முறையாக மாற்றினர். மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் மூழ்கிய கருவிக்கும் உலோகத்துக்கும் இடையே பாயும் பொறி, பல ஆயிரம் பாகை வெப்பத்தில் உலோகத்தை நுண்ணிய அளவில் உருக்குகிறது. முழுதும் வெளியேறாத உருகல், சிதைந்த எண்ணெயின் கரியை ஏற்று, நொடிப்பொழுதில் குளிர்ந்து உறைகிறது. இதுவே 'வெள்ளை அடுக்கு'. அது கடினமானது, ஆனால் நுண்விரிசல்கள் நிறைந்தது. எனவே தொழிலகங்களில் அதைத் தேய்த்து நீக்குவதே வழக்கம்.

அந்த அடுக்கை வேண்டிய விதத்தில் உருவாக்க முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வியாயிற்று. சென்னை ஐஐடியைச் சேர்ந்த கங்காதர், சண்முகம், பிலிப் ஆகியோர் 1990களின் முற்பகுதியில், உலோகத் தூளை அழுத்திச் செய்த மின்முனைகளைப் பயன்படுத்தினர். இறுக்கம் குறைந்த முனையிலிருந்து துகள்கள் பெயர்ந்து உருக்கில் படிந்தன. டங்ஸ்டன் கார்பைடு கலந்த முனைகளால் தேய்மானத் தாங்குதிறன் கூடியதை அவர்கள் பதிவு செய்தனர். அதே பத்தாண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் டைட்டேனிய முனையைக் கையாண்டனர். எண்ணெயின் கரியோடு அது சேர்ந்து, மிகக் கடினமான டைட்டேனியம் கார்பைடாகப் படிகிறது.

தனியே பூச்சு உலை வாங்க இயலாத சிறு பட்டறைகளுக்கு இதன் கவர்ச்சி வெளிப்படையானது. செதுக்கும் இயந்திரமே பூச்சும் இடும். எனினும் வேகம் குறைவு, பரப்பு சொரசொரப்பானது. விரிசல் அச்சமும் முற்றாக நீங்கவில்லை. அச்சுகளுக்கும் வெட்டுக்கருவிகளுக்கும் இது பொருந்தலாம். இடைவிடாது அதிர்வைத் தாங்க வேண்டிய விமான உறுப்புகளிலோ, வெள்ளை அடுக்கு இன்னமும் நீக்கப்பட வேண்டிய குறையாகவே கருதப்படுகிறது.