நீலாங்கரையும் ருஷிகுல்யாவும்: ஒரே ஆமை, இரண்டு காவல்

சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையோரமாக ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ருஷிகுல்யா ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி ஆமைகள் ஏறும் மணல்வெளியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் ஏறுவது ஒரே இனம், நம்மூர் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி. பருவமும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் சென்னையில் விடிய விடிய நடந்தும் ஒரு ஆமையைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பலாம். ருஷிகுல்யாவில் 2025 பிப்ரவரியில் பத்து நாளைக்குள் ஏறி முட்டையிட்ட ஆமைகள் 7 லட்சத்தை நெருங்கின என்று வனத்துறை கணக்குக் காட்டியது.

இந்த எண்ணிக்கை வித்தியாசத்தை வியந்து பேசுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். களத்தில் ஆள் சேர்த்து, முறை போட்டு, வேலை வாங்கும் ஒருங்கிணைப்பாளரின் இடத்திலிருந்து பார்த்தால் இவை ஒரே வேலையின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் அல்ல, அடிப்படையிலேயே வேறு வேறு வேலைகள். தனித்தனியாக வரும் ஆமைக்கு ஒரு வகை நிர்வாகம் வேண்டும், திரளாக வரும் ஆமைக்கு இன்னொரு வகை.

சென்னை முறைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேகர், சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். நாயும் நரியும் மனிதரும் முந்திக்கொள்வதற்குள் எடுத்துவந்து, வேலி கட்டிய மணலில் மறுபடி புதைத்தார்கள். பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில காலம் பொரிப்பகம் நடத்தியது, அடுத்து வனத்துறை நடத்தியது. 1988-இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு பருவத்திலும் இந்தக் கரையில் நடப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத இளைஞர்கள்தான்.

அந்த நடையின் நுணுக்கம் பார்க்க எளிது, பழக நாளாகும். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, ஈர மணலும் காய்ந்த மணலும் சந்திக்கும் வரம்பில் நடக்கிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது. கடலிலிருந்து ஏறிய தடம் ஒன்றும் இறங்கிய தடம் ஒன்றும் தெரிந்தால், இரண்டுக்கும் நடுவே மணல் கலைந்த இடத்தில் நிற்பார்கள். முட்டையிட்டு மூடியதும் ஆமை தன் உடம்பை இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்து மணலை இடித்துக் கெட்டிப்படுத்தும், பிறகு துடுப்புகளால் சுற்றிலும் மண்ணை வாரியிறைத்துவிட்டுப் போகும். எனவே குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு குச்சியை மெல்ல இறக்கிப் பார்க்க வேண்டும். மற்ற இடத்தில் முட்டுக்கட்டை போட்டதுபோல் நிற்கும் குச்சி, குழிக்கு மேல் சட்டென்று வழிவிடும். வழிவிட்ட நொடியிலேயே கையை நிறுத்தத் தெரிந்தவரிடம்தான் குச்சியைக் கொடுப்பார்கள். இன்னும் ஒரு விரற்கடை அழுத்தினால் முட்டை உடையும்.

அதன் பிறகு கையால் தோண்டுவதுதான். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழிக்குள், பிங்பாங் பந்து அளவில் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கும். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு, முட்டைகளைத் துணிப்பையில் மாற்றுகிறார்கள். இங்கிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். பொரிப்பகத்தில் அதே அளவில் குழி எடுத்துப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய குச்சியை நட்டு, நாற்பத்தைந்து நாள் நெருங்கும்போது மேலே கூடையைக் கவிழ்க்க வேண்டும். மார்ச் வெயிலில் மணல் சுடத் தொடங்கினால் நிழல் பற்றியும் யோசிக்க வேண்டும். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29, 30 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண்களே அதிகமாகப் பொரியும்.

ஆக, சென்னை ஒருங்கிணைப்பாளருக்கு ஒவ்வொரு முட்டைக்குழியும் தனி வழக்கு. அவருடைய எதிரி இடைவெளி. ஓர் இரவு ஆள் வராவிட்டால் அன்றைய குழி நாய்க்குப் போகும். அவரிடம் இருக்கும் ஆட்களோ மாணவர்கள். ஆமைகள் அதிகம் ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. தேர்வு நெருக்குவதும் அப்போதுதான். படிப்பு முடிந்தால் வேலைக்கு ஊர்விட்டுப் போய்விடுவார்கள். குச்சி இறக்கத் தெரிந்த கை போய்விட்டால், அடுத்த ஆண்டு இன்னொரு கையைப் பழக்க வேண்டும். வார இறுதியில் பொதுமக்களும் நடைக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டே வேகம் குறையாமல் நடப்பது தனித் திறமை. இந்தப் பொதுநடையால் ஆமைக்கு நேரடியாக என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. என் கணக்கில் அதுதான் சென்னை முறையின் பெரிய வரவு. இங்கே நடக்கத் தொடங்குபவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: இந்தியாவின் கடலாமை ஆய்வாளர்களில் குறிப்பிடத்தக்கவரான கார்த்திக் சங்கர், வலையமைப்பைத் தொடங்கிய அந்த மாணவர்களில் ஒருவர்.

ருஷிகுல்யாவில் இந்த வித்தைகள் எதற்கும் வேலையில்லை. லட்சக்கணக்கான குழிகளை யாரும் இடம் மாற்ற முடியாது. குச்சி இறக்கவும் அவசியமில்லை, கால் வைக்கும் இடமெல்லாம் முட்டை. இங்கே கூட்டமாக ஆமை ஏறுவதை ஆய்வாளர் பிவாஷ் பாண்டவ் 1994-இல் பதிவு செய்தார். வடக்கே, ஆமைகள் திரளாக ஏறும் இன்னொரு கரையான கஹிர்மாதா 1970-களிலேயே ஆய்வுலகின் கவனத்துக்கு வந்து, 1997-இல் கடல் சரணாலயமும் ஆனது. ருஷிகுல்யா சரணாலயம் அல்ல. கரைக்குப் பின்னாலேயே ஊர்கள்: புருணாபந்தா, கோகர்குடா, பொடம்பேட்டா. இவற்றில் பொடம்பேட்டாவைக் கடல் அரித்து, மக்கள் வேறிடத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அந்த வட்டாரத்து இளைஞர்களே ஆமைப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். வனத்துறையும் அவர்களை நம்பியே கரையை நிர்வகிக்கிறது.

அங்கே ஒருங்கிணைப்பாளரின் பெரும்பகுதி வேலை காத்திருப்பு. ஆமைகள் கரைக்கு அப்பால் திரண்டு நிற்பது தெரிகிறது, ஆனால் என்று ஏறும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தென்காற்று பலமாக வீசத் தொடங்கினால் எல்லோரும் உஷாராவார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் ஏறாமலே போய்விடுவதும் உண்டு. ஏறிவிட்டாலோ ஒரு வாரம், பத்து நாளுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் நிறுத்த வேண்டும். நாய்களை விரட்ட வேண்டும். செல்ஃபி எடுக்க வரும் கூட்டத்தைத் தடுக்க வேண்டும். ஆமைகளைத் தலை எண்ணுவது நடவாது. குறிப்பிட்ட அகலத்தில் பட்டைகள் வகுத்து, இரவெல்லாம் குறித்த இடைவெளியில் அவற்றில் முட்டையிடும் ஆமைகளை மட்டும் எண்ணி, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். ஏழு லட்சம் என்ற எண் இப்படிக் கிடைத்த மதிப்பீடு என்பதைப் பத்திரிகைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

முதல் நாள் வந்த ஆமையின் முட்டைகளை மூன்றாம் நாள் வரும் ஆமை தோண்டி எறிந்துவிடும். சென்னையில் ஒரு முட்டை உடைந்தால் நெஞ்சு பதறும் தன்னார்வலரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் முதலில் அவரைத்தான் தேற்ற வேண்டியிருக்கும். இந்த இழப்பு திரளாக வருவதோடு பிறந்தது, மனிதர் தலையிட வேண்டியதில்லை.

தலையிட வேண்டிய நேரம் ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்து வருகிறது. பொரிந்த குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல் பக்கம். ருஷிகுல்யாவில் நிலத்தின் பக்கம் ஊர் விளக்கு, நெடுஞ்சாலை, ரயில் பாதை எல்லாம் இருக்கின்றன. எனவே மணலின் மேட்டுப் பக்கம் கரை நெடுக வலை கட்டுகிறார்கள். வழி தவறி அதில் வந்து முட்டும் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் வாளியிலும் கூடையிலும் அள்ளிக் கடலோரம் விடுகிறார்கள். இந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் திரட்டி மாளாது. இரவு எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஐந்து நிமிடத்தில் கரைக்கு வரக்கூடியவர் கரையிலேயே குடியிருப்பவர்தான். சென்னைப் பகுதியிலும் 2002-இல் தொடங்கிய டிரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களைக் காவலுக்கு அமர்த்தியது இந்த நியாயத்தை உணர்ந்துதான். மாணவர் முறையின் பலவீனம் அங்கே தெரிகிறது: நடந்து முடித்தவர் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார், கரை மீனவருடையதாகவே இருக்கும்.

சென்னைப் பொரிப்பகம் ஒருவகையில் விளக்குகளுக்குக் கொடுத்த விடை என்றே சொல்லலாம். விளக்கை அணைக்க முடியாத நகரம் முட்டையை இடம் மாற்றியது. முட்டையை இடம் மாற்ற முடியாத ருஷிகுல்யா விளக்குக்கும் குஞ்சுக்கும் நடுவே வலை கட்டியது. நாளையே பெசன்ட் நகர்க் கரை இருண்டாலும் நாய்கள் இருக்கும், ஆகவே பொரிப்பகத்தை மூடிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒவ்வொரு பருவ முடிவிலும் 'இத்தனை ஆயிரம் குஞ்சுகளைக் கடலில் விட்டோம்' என்ற ஒற்றை எண்ணைக் கொண்டாடும் வழக்கம் எனக்கு உவப்பில்லை.

காரணம் இருக்கிறது. 1987-இல் டெபோரா குரவுஸ், லாரி கிரௌடர், ஹால் கேஸ்வெல் மூவரும் அமெரிக்கக் கரையின் பெருந்தலை ஆமைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். முட்டைகளையும் குஞ்சுகளையும் முழுக்கக் காப்பாற்றினாலும் அந்த ஆமைகளின் வீழ்ச்சி நிற்காது, வளர்ந்துவரும் ஆமைகளும் வளர்ந்த ஆமைகளும் வலையில் சாவது குறைந்தால்தான் நிற்கும் என்று அந்தக் கணக்குக் காட்டியது. இறால் வலைகளில் ஆமை தப்பிக்கும் கருவியைப் பொருத்தும் சட்டத்துக்கு அது வலுச்சேர்த்தது. பங்குனி ஆமை முட்டையிடும் வயதை எட்டவும் பத்து, பதினைந்து ஆண்டு ஆகலாம். அந்த வயதில் ஒன்று செத்தால், பொரிப்பகத்தில் ஒரு பருவம் உழைத்ததன் பலனில் ஒரு பங்கு போகிறது.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை போடக் கூடாது என்று தமிழகத்தில் விதி இருந்தும் இது நடந்தது. ஒடிசாவில் ஏற்பாடு இதைவிடக் கடுமை. தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி 20 கிலோமீட்டர் வரை நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை. வனத்துறைக்குத் துணையாகக் கடலோரக் காவல்படையும் ரோந்து போகிறது. அங்கேயும் ஆமைகள் சாகாமல் இல்லை. ஏழு மாதத் தடையின் சுமை விசைப்படகு முதலாளியைவிடச் சிறு வலைக்காரன் வீட்டு அடுப்பில்தான் முதலில் தெரிகிறது, அரசு கொடுக்கும் உதவித்தொகை போதவில்லை என்ற புகார் ஓயவில்லை. ஆனாலும் ஆமைக் காவலைக் கடலுக்குள்ளும் கொண்டுபோகும் ஏற்பாடு ஒன்று அங்கே இருக்கிறது. சென்னையில் நடப்பவரின் அதிகாரம் அலை தொடும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. அவர் செய்யக்கூடியது, செத்து ஒதுங்கிய ஒவ்வொன்றையும் தேதி, இடம், ஓட்டின் நீளம், ஆணா பெண்ணா என்று குறித்துவைப்பது. முட்டைக்குழிக் கணக்கைவிட வழக்குமன்றத்தில் எடுபடக்கூடியது அந்தக் கணக்குத்தான். அதற்கும் ஒரே கரையில், ஒரே தூரத்தை, ஆண்டுதோறும் தவறாமல் நடந்திருக்க வேண்டும். சென்னை நடைக்கு அந்தத் தொடர்ச்சி இருக்கிறது.

இந்த இரண்டு கரைகளையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதற்கும் ஒரு எல்லை உண்டு. 2021-இல் ஒடிசாவில் துடுப்பில் எண் வில்லை பூட்டிவிட்ட பெண் ஆமை ஒன்று, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. 03233 என்ற வில்லை எண்ணை வைத்துத்தான் அதை அடையாளம் கண்டார்கள். திரளோடு சேர்ந்து முட்டையிடும் ஆமை வேறு, தனியே ஏறும் ஆமை வேறு என்ற பிரிவு அவ்வளவு கறாரானதல்ல என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஒடிசாவுக்குப் போய்வரும் ஆமைகளில் ஒரு பகுதி இலங்கை, தமிழகக் கடலோரம் வழியாகவே பயணிக்கிறது என்பது செயற்கைக்கோள் கருவிகளால் முன்பே தெரிந்ததுதான். ஆகவே நீலாங்கரையில் நடப்பவர் செத்த ஆமையோ உயிருள்ள ஆமையோ எதைக் கண்டாலும், மற்றதை எல்லாம் எழுதுவதற்கு முன்னால் முன்துடுப்பு இரண்டையும் தடவிப் பார்ப்பது நல்லது. வில்லை இருந்தால் அந்த எண் ஒடிசாவுக்கும் போய்ச் சேர வேண்டும்.