ஹார்வர்டில் ஸ்பானிய மொழி புகுந்த வரலாறு

சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று அன்பர்கள் பணித்தனர். அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் எழுதுவார் பலர் உளர். வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியிருந்து மக்களை வளர்க்கும் நமக்கு, ஒரு மொழியைக் கற்பித்த கதையே உற்ற பொருளாகும் எனக் கருதினோம். ஆதலின், அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு கல்லூரியில் ஸ்பானிய மொழி எவ்வாறு பாடமாயிற்று என்பதையும், அதன்பொருட்டு ஒருவர் பட்ட பாட்டையும் ஈண்டுச் சொல்லுவோம்.

ஹார்வர்டு கல்லூரி 1636-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நெடுங்காலம் வரையில் இலத்தீனும் கிரேக்கமுமே அங்கே மொழிக் கல்வியாக மதிக்கப்பெற்றன. மக்கள் வாயில் வழங்கும் மொழிகள், விரும்பியவர் புறத்தே பொருள் கொடுத்துப் பயிலும் அணிகலன்களாகவே கருதப்பட்டன. எனினும், ஸ்பானிய மொழியின் தேவையை அந்நாட்டுப் பெரியோர் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். அவருள் தலையாயவர் தாமஸ் ஜெபர்சன். 1787-இல் அவர் தம் சகோதரியின் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்க வரலாற்றின் பழம்பகுதி பெரிதும் ஸ்பானிய மொழியிலேயே எழுதப்பட்டுள்ளதாகையால் அதனைக் கற்பது இன்றியமையாதது என அறிவுறுத்தினார்.

பாஸ்டன் நகர வணிகர் ஏபியல் ஸ்மித் என்பார் 1815-இல் காலமானார். ஹார்வர்டில் பயின்றவராகிய அவர், பிரெஞ்சு மொழியும் ஸ்பானிய மொழியும் கற்பிக்கப் பேராசிரியர் ஒருவரை அமர்த்தும்பொருட்டு 20,000 டாலர் எழுதி வைத்திருந்தார். அப்பதவிக்கு அழைக்கப்பெற்றவர் ஜார்ஜ் டிக்னர் என்னும் இளைஞர். அவர் 1791-இல் பாஸ்டனில் பிறந்தவர். வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, கல்வி கருதி 1815-இல் ஐரோப்பா சென்றவர். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று கொண்டிருந்தபோது, 1816-இல் அழைப்பு அவரைத் தேடி வந்தது.

கற்பிக்க வேண்டிய மொழியை அது வழங்கும் மண்ணிலேயே கற்க வேண்டும் என்று துணிந்த டிக்னர், 1818-இல் ஸ்பெயின் நாட்டிற்குச் சென்றார். பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட் நகருக்குக் கரடுமுரடான பாதையில் பல நாள் வண்டிப் பயணம். வழிநெடுக அவர் செர்வாண்டிஸ் இயற்றிய 'டான் கிஹோட்டே'யை உடன் வந்த ஸ்பானியருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவர்கள் குழந்தைகளைப் போல மகிழ்ந்து கேட்டனர். மாட்ரிட்டில் ஹோஸே அந்தோனியோ கோந்தே என்னும் அறிஞருடன் அமர்ந்து பழைய ஸ்பானியச் செய்யுள்களைப் பாடங் கேட்டார். அரிய நூல்கள் பலவற்றையும் திரட்டிக்கொண்டு 1819-இல் நாடு திரும்பிப் பதவி ஏற்றார்.

வகுப்பறையில் அவர் கண்ட காட்சி மனத்தை வருத்துவதாயிருந்தது. ஒரே ஆண்டு மாணாக்கரைப் பெயரின் அகரவரிசைப்படி கூறு பிரித்து அமர்த்துவது அக்கல்லூரியின் வழக்கம். வல்லவனும் மெல்லவனும் ஒரே பலகையில் இருந்து, அளந்து கொடுத்த அதே பாடத்தை நாள்தோறும் ஒப்புவித்தல் வேண்டும். ஆசிரியரின் கடமை ஒப்புவித்ததைக் கேட்டு மதிப்பெண் இடுவதே. விரைந்து செல்லக்கூடியவன் சலிப்படைந்தான். தளர்ந்தவன் விழித்து நின்றான். 1823-இல் மாணாக்கர் பெருங்கலகம் விளைத்து, இறுதி ஆண்டு வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் கல்லூரியைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு வலுப்பெற்றது. டிக்னர் முன்னின்று வாதிட்டு, 1825-இல் தம் கருத்துக்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார்.

அவர் கோரியவை மூன்று. மாணாக்கரை வயதையோ பெயரையோ கொண்டு பிரியாது, அறிந்த அளவைக் கொண்டு பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூறும் தன்னால் இயன்ற விரைவில் முன்னேற விட வேண்டும். பாடங்களுள் சிலவற்றையேனும் மாணாக்கர் தாமே தேர்ந்துகொள்ள இடந்தர வேண்டும். இவற்றுக்கு இசைவாகப் புதிய விதிகள் 1825-இல் இயற்றப்பட்டன. ஆயினும் ஏனை ஆசிரியர்களுட் பெரும்பாலோர் இவற்றை விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்குள் கல்லூரி முழுவதும் பழைய தடத்திற்கே திரும்பிற்று. டிக்னரின் பொறுப்பிலிருந்த மொழித் துறை ஒன்றில் மட்டும் புதிய முறை நிலைத்தது.

அத்துறையில் அவர் செய்த ஏற்பாடு அறியத்தக்கது. தாம் இலக்கிய வரலாற்றுச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். தொடக்கப் பாடங்களை ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர்களிடம் ஒப்படைத்தார். ஜெர்மன் மொழிக்குச் சார்லஸ் ஃபாலன், இத்தாலியத்திற்குப் பியேத்ரோ பாக்கி ஆகிய இருவரும் அரசியல் காரணமாகத் தாயகம் துறந்தவர்கள். ஸ்பானியத்திற்கும் பிரெஞ்சுக்கும் பிரான்சிஸ் சேல்ஸ் என்பவர். அவர் ஸ்பெயின் எல்லையை அடுத்த பெர்ப்பிஞான் பகுதியில் பிறந்தவர். 1816 முதல் 1854 வரை அக்கல்லூரியிலேயே கற்பித்தார். மாணாக்கருக்கு இலக்கணநூலைத் திருத்தி அமைத்தார். 'ஸ்பானியத் தேன்கூடு' என்று பொருள்படும் பெயரில் பாடத் திரட்டொன்று தொகுத்தார். 1836-இல் 'டான் கிஹோட்டே'யைக் குறிப்புகளுடன் பாஸ்டனில் பதிப்பித்தார். எந்த ஆண்டு மாணாக்கனும் இத்துறையில் சேரலாம். தன் தேர்ச்சிக்கு ஏற்ற கூற்றில் அமரலாம்.

1832-இல் வாழும் மொழிகளைக் கற்பிக்கும் முறை பற்றி டிக்னர் ஆற்றிய சொற்பொழிவு அடுத்த ஆண்டில் நூலாயிற்று. எல்லார்க்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்பது அதன் சாரம். பேச்சின் வழியே கற்பது இயன்றால் அதுவே சிறந்தது. இளஞ்சிறார்க்குச் செவியும் நாவுமே வழிகாட்டிகள். வளர்ந்தவர்க்கு இலக்கணமும் நூற்பயிற்சியும் துணை வேண்டும். ஆசிரியன் தான் விரும்பும் முறையை விடுத்து மாணாக்கனுக்கு ஏற்றதைக் கைக்கொள்ள வேண்டும் என்றார்.

1835-இல் அவர் பதவி விலகினார். அவர் இடத்திற்குக் கவிஞர் லாங்பெல்லோவும், அவருக்குப் பின் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெலும் வந்தனர். லோவெல் 1877-இல் ஸ்பெயினுக்கே அமெரிக்கத் தூதராகச் சென்றார். டிக்னர் தம் சொற்பொழிவுகளை விரித்து, 1849-இல் 'ஸ்பானிய இலக்கிய வரலாறு' என்னும் நூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அந்நூல் பின்னர் ஸ்பானிய மொழியிலேயே பெயர்க்கப்பெற்றது. அயலார் ஒருவர் எழுதியதை அம்மொழிக்குரியோர் தம் இலக்கியத்தை அறிதற்பொருட்டு மொழிபெயர்த்துக் கொண்டனர் என்றால் அதன் பெருமையை என்னென்பது! அவர் நண்பர் பிரெஸ்காட், கண்பார்வை குன்றியவர். 1824-இல் டிக்னர் தம் சொற்பொழிவுகளை அவருக்குப் படித்துக் காட்டினார். அதனால் விளைந்த ஆர்வமே பிற்காலத்தில் மெக்சிகோ, பெரு நாடுகள் வெல்லப்பட்ட வரலாறுகளாக மலர்ந்தது.

1869-இல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரானார். மாணாக்கர் பாடம் தேர்ந்துகொள்ளும் முறை அவர் காலத்தில் கல்லூரி முழுதும் பரவிற்று. 1871-இல் கண் மூடிய டிக்னர் அதன் தொடக்கத்தைக் காண உயிருடன் இருந்தார். அவர் திரட்டிய ஸ்பானிய, போர்த்துகீசிய நூல்கள் பாஸ்டன் பொது நூலகத்தைச் சேர்ந்தன. அந்நூலகம் தோன்ற உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் ஒழிந்த மொழிகளுள் மிகுதியானோர் பயில்வது ஸ்பானியமே. நம் நாட்டிலும் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாதின் ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் இளங்கலை மாணவர் அதனைப் பயில்கின்றனர்.

இவ்வரலாற்றை நம் குடியிருப்பின் தமிழ் வகுப்போடு ஒப்பு நோக்க விழைகின்றோம். பாட்டியாருடன் வளர்ந்த ஆறு வயதுக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கின்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் வீட்டில் தமிழ் பேசுகின்றான். ஆயினும் கடைப்பலகையைப் படிக்க இயலாமல் நிற்கின்றான். இருவரையும் வயதுப்படி பிரித்து வைத்தால், சிறுவன் நாணத்தினால் வகுப்பிற்கு வருவதையே விட்டுவிடுகின்றான். அவ்வாறு விட்டவர் தொகை ஆண்டுதோறும் பெருகக் காண்கின்றோம். பேசத் தெரிந்தோர், எழுத்தறிந்தோர், நூல் படிப்போர் என மூன்று கூறாக்கி, மாலைதோறும் முதியோர் ஒருவர் கதை படித்துக் காட்ட ஏற்பாடு செய்தல் நம்மால் இயலாத காரியமன்று. அடுத்த பொதுக்குழுவில் அன்பர்கள் இதனை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுகின்றோம்.