ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இணை உணவு: எப்போது, எவ்வளவு, எப்படி?

தாய்ப்பால் மட்டுமே அருந்தி வளரும் குழந்தைக்கு 6 மாதங்கள், அதாவது 180 நாட்கள் நிறைவடைந்ததும், தாய்ப்பாலைத் தொடர்ந்தவாறே திட, அரைத்திட உணவுகளைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் மத்திய சுகாதாரத் துறை அமைச்சகமும் அறிவுறுத்துகின்றன. இவ்வாறு அளிக்கப்படும் உணவு 'இணை உணவு' எனப்படுகிறது. இது தாய்ப்பாலுக்கு மாற்று அன்று; அதற்குத் துணை மட்டுமே.

இந்தியாவில் இந்த மாற்றம் பெரும்பாலான குழந்தைகளுக்கு உரிய காலத்தில் நிகழ்வதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற 5ஆவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே பெறுகின்றனர். ஆனால், 6 முதல் 8 மாத வயதில் தாய்ப்பாலுடன் திட அல்லது அரைத்திட உணவும் பெறுவோர் 45.9 சதவீதம் மட்டுமே. 6 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் வெறும் 11.3 சதவீதம்.

அன்னப்பிராசனம், கேரளத்தில் சோறூண், வங்கத்தில் முகே பாத் எனப் பல பெயர்களில் குழந்தைக்கு முதல் சோறூட்டும் சடங்கு நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. எனினும், அந்த ஒரு நாள் ஊட்டலைவிட, மறுநாள் முதல் நாள்தோறும் என்ன ஊட்டப்படுகிறது என்பதே குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

ஆறு மாதம் என்பது ஏன்?

முதல் 6 மாதங்களுக்குத் தேவையான நீர், ஆற்றல், புரதம் ஆகியவை தாய்ப்பாலிலேயே கிடைத்துவிடுகின்றன. கோடைக்காலத்திலும் தனியாகத் தண்ணீர் தரத் தேவையில்லை. அதற்குப் பின்னர் குழந்தையின் தேவை தாய்ப்பால் தரும் அளவைக் கடந்துவிடுகிறது. குறிப்பாக, பிறக்கும்போது உடலில் சேமிக்கப்பட்டிருந்த இரும்புச்சத்து இந்த வயதளவில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து எளிதில் உட்கிரகிக்கப்பட்டாலும், அதன் அளவு குறைவு. நாட்டில் 6 முதல் 59 மாத வயதுடைய குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு தெரிவிக்கிறது.

தலை நிமிர்ந்து நிற்பது, சற்றுப் பிடித்துக்கொண்டால் அமர்வது, உணவை நோக்கிக் கை நீட்டுவது, ஊட்டியதை நாவால் வெளியே தள்ளாமல் விழுங்குவது ஆகியவை குழந்தை உணவுக்குத் தயாராகிவிட்டதைக் காட்டும் அறிகுறிகளாகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

நீர்த்த கஞ்சி போதுமா?

பல வீடுகளில் சோறு வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், காய்கறிச் சாறு போன்றவையே முதல் உணவாக அமைகின்றன. இவை எளிதில் செரிக்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். ஆனால், குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 மில்லி என்ற கணக்கில், 8 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளையில் ஏறத்தாழ 240 மில்லி மட்டுமே உண்ண இயலும். அந்த இடத்தை நீர் நிரப்பிவிட்டால் வயிறு நிறையும், சத்து சேராது. தாய்ப்பால் அருந்தும் அளவும் குறைந்துவிடும்.

எனவே, கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் அதிலேயே தங்கும் அளவுக்கு உணவு கெட்டியாக இருக்க வேண்டும். பருப்பின் தண்ணீரை மட்டும் எடுக்காமல், பருப்பையே மசித்துச் சோற்றுடன் கலக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் சேர்த்தால், உணவின் அளவு கூடாமலேயே சுமார் 40 கலோரி கூடுதலாகக் கிடைக்கும்.

எவ்வளவு, எத்தனை வேளை?

தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு 6-8 மாதங்களில் சுமார் 200 கலோரியும், 9-11 மாதங்களில் 300 கலோரியும், 12-23 மாதங்களில் 550 கலோரியும் தேவைப்படுகின்றன.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி அளவு போதும். அதைப் படிப்படியாக 250 மில்லி கிண்ணத்தில் பாதி அளவுக்கு உயர்த்தலாம். 6-8 மாதங்களில் நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், 9 மாதத்துக்குப் பின் 3 அல்லது 4 வேளையும், தேவைக்கேற்ப இடையே சிற்றுணவும் தரலாம். முதலில் நன்கு மசித்த உணவு, 8 மாதமளவில் கையால் எடுத்து உண்ணும் மென்மையான துண்டுகள், ஓராண்டு நிறையும்போது காரம் குறைந்த வீட்டு உணவு என்பது பொதுவான வரிசை.

குழந்தை கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் தருவதை 2 வயது வரையிலும் அதற்குப் பின்னரும் தொடரலாம். 6 முதல் 12 மாதம் வரை குழந்தையின் ஆற்றல் தேவையில் பாதி அல்லது அதற்கு மேலும், இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கின்றன.

எவற்றைத் தரலாம்?

தாய்ப்பால், தானியங்கள் மற்றும் கிழங்குகள், பருப்பு மற்றும் கொட்டைகள், பால் பொருள்கள், இறைச்சி மற்றும் மீன், முட்டை, வைட்டமின் 'ஏ' நிறைந்த காய்கனிகள், பிற காய்கனிகள் என்னும் 8 வகைகளில் நாள்தோறும் குறைந்தது 5 வகைகள் இடம்பெற வேண்டும். கேழ்வரகுக் கூழ், பருப்புக் கிச்சடி, மசித்த வாழைப்பழம், பூசணி, கீரை, நன்கு வேகவைத்த முட்டை ஆகியவை எளிதில் கிடைப்பவை. சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் பருப்புடன் எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் 'சி' உள்ளவற்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். முட்டை, அரைத்த நிலக்கடலை போன்றவற்றை ஒவ்வாமைக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதலில் சிறிதளவு தந்து கவனிக்கலாம். கடுமையான தோல் அழற்சியோ ஏற்கெனவே உணவு ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளுக்கு மருத்துவரின் ஆலோசனை அவசியம்.

ஓராண்டு நிறையும் முன் தேன் தரக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம். உப்பு, சர்க்கரை, தேநீர், பாக்கெட் தின்பண்டங்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை போன்றவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

அரசின் உதவிகள்

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன்படி, 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக உணவு, வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வகையில் இலவசமாக வழங்கப்படுகிறது. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தயாரிக்கும் 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' இவ்வகையைச் சார்ந்தது. இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின் கீழ், 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து தரப்படுகிறது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவுகளையும் பால்புட்டிகளையும் விளம்பரம் செய்வதை, 2003இல் திருத்தப்பட்ட 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஊட்டும் முறை

சமைக்கும் முன்னும் ஊட்டும் முன்னும் சோப்பினால் கைகழுவ வேண்டும். பால்புட்டியைத் தவிர்த்துக் கிண்ணமும் கரண்டியும் பயன்படுத்த வேண்டும். குழந்தை முகத்தைத் திருப்பினால் வற்புறுத்தாமல் சற்று நேரம் கழித்து முயலலாம். புதிய உணவு ஒன்றைப் பலமுறை தந்த பின்னரே குழந்தைகள் விரும்பத் தொடங்குவது இயல்பு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உணவை நிறுத்தாமல், தாய்ப்பாலை அடிக்கடி தந்து, உணவைச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். நலம் பெற்ற பின் இரு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாக அளிப்பது இழந்த எடையை மீட்க உதவும்.

மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து, தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் செய்ய வேண்டும். அந்தக் கோடு உயராமல் படுத்திருந்தாலோ, கீழிறங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவரை அணுகுவது அவசியம்.