முதியோர் விளையாட்டும் ஒரு சங்கத்தின் மறுபிறவியும்

நாமெல்லாம் கேரம் காயைச் சுண்டி வளர்ந்தவர்கள். அந்தக் காயைத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி, பலகையை 52 அடி நீளத் தரையாக்கி, தள்ளுவதற்கு நீண்ட கோலையும் கொடுத்தால் அதுதான் ஷஃபில்போர்டு. கப்பல் மேல்தளங்களில் ஆடப்பட்ட இவ்விளையாட்டு, 1913-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டேட்டோனா கடற்கரையில் கரையேறியது.

குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த முதியவர்களுக்கு அது பிடித்துப்போனது. ஓட வேண்டியதில்லை, குறி தப்பாமல் தள்ளினால் போதும். ஆளுக்கு 4 தட்டுகள். 10, 8, 7 எனப் புள்ளிகள் உண்டு. தவறான கட்டத்தில் நின்றாலோ 10 புள்ளி பறிபோகும்!

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1924-இல் சங்கம் பிறந்தது. 1928-இல் ஃபுளோரிடா மாநிலச் சங்கமும், 1931-இல் தேசியச் சங்கமும் உருவாயின. உச்சத்தில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சங்கத்தில் மட்டும் சுமார் 5,000 உறுப்பினர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட தளங்கள்.

பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர்கள் இடத்துக்கு இளையோர் வரவில்லை. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எஞ்சியவர்கள் சில பத்துப் பேரே. (நம் ஊர்ச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களுக்குச் சென்றவர்களுக்கு இக்காட்சி புதிதல்ல.)

2005-இல் உள்ளூர் இளம் கலைஞர்கள் சிலர், வெள்ளிக்கிழமை இரவுகளில் தளங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அதுவரை பகலில் ஓய்வூதியக்காரர்கள் ஆடிய இடத்தில், விளக்கொளியில் இருபது வயதினர் கோல் பிடித்தனர். விதிகளை மாற்றவில்லை, கட்டடத்தையும் இடிக்கவில்லை, கதவைத்தான் திறந்தார்கள். உறுப்பினர் பட்டியல் மீண்டும் நீளத் தொடங்கியது.