மேற்கை வென்ற கதை (1962 திரைப்படம்)

‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்’ 1962-ல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். ஹென்றி ஹாத்தவே, ஜான் ஃபோர்டு, ஜார்ஜ் மார்ஷல் ஆகியோர் இயக்கினர். மேற்கே நிலம் தேடிப் புறப்படும் பிரெஸ்காட் குடும்பத்தின் கதை, 1839 முதல் 1889 வரை ஐந்து பகுதிகளாக விரிகிறது. மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

முதல் தலைமுறைப் பெற்றோர் ஆற்றின் வேகச் சுழலில் தெப்பம் சிதறி இறக்கின்றனர். தருமபுரி மாவட்டத்தில் ஒகேனக்கல் பரிசலில் ஏறியவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. சினிரமா முறையில் மூன்று படச்சுருள்களில் எடுத்து, வளைந்த திரையில் சேர்த்துக் காட்டினர். சேரும் கோடுகள் கண்ணை உறுத்தும்.

தலைப்பு வெற்றியைச் சொல்கிறது. யாரிடமிருந்து வென்றது என்ற கேள்வி ரயில்பாதைப் பகுதியில்தான் எழுகிறது. பேரன் ஸெப் ராலிங்ஸ் ராணுவ அதிகாரி. அரபாஹோ பழங்குடியினருக்கு அவன் அளித்த வாக்கை ரயில் நிறுவனம் மீறுகிறது. அவர்கள் காட்டெருமை மந்தையை முகாமின்மீது விரட்டுகின்றனர். குழந்தைகளும் பெண்களும் மிதிபடுகின்றனர். ஸெப் பதவியைத் துறக்கிறான். படத்தின் நேர்மையான பகுதி இதுவே. எனினும் அரபாஹோ குடும்பம் ஒன்றின் கதையும் இதில் இல்லை. இறுதியில் ஸ்பென்சர் ட்ரேசியின் குரல் பின்னணியில் ஒலிக்க, நவீன அமெரிக்காவின் அணைகளும் நெடுஞ்சாலைகளும் வானிலிருந்து காட்டப்படுகின்றன.