மானியப் பதிவேட்டில் பாட்டன் பெயர்

சர்க்கார் காகிதத்தில் நம் முன்னோரைத் தேடலாம் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். "சர்க்கார் நம்மகிட்ட வரி வாங்கத்தானே கணக்கு எழுதுவான், நயினாரே?" என்பார்கள். உண்மைதான். ஆனால் வரி வாங்குகிறவனுக்குப் பணம் வந்தால் போதும், கட்டுகிறவன் யார் மகன் என்ற கவலை அவ்வளவு கிடையாது. சலுகை கொடுக்கிறவனுக்கோ சந்தேகம் அதிகம். நீ யார், உன் தகப்பன் யார், இந்த மானியத்தை யார் கொடுத்தது, எத்தனை தலைமுறையாக அனுபவிக்கிறாய், உனக்குப் பின் யார் என்று துருவித் துருவிக் கேட்பான். நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடையில் பேரேடு எழுதுகிறவன் நான். ரொக்கமாக வாங்கிப் போகிறவர் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. கடன் கொடுத்தால்தான் ஊர், பேர், தகப்பனார் பெயர் எல்லாம் ஏறும்.

சென்னை மாகாணத்தில் இப்படித் துருவிக் கேட்ட பெரிய காரியம் ஒன்று உண்டு. அது 1858இல் அமைந்த இனாம் கமிஷன். முதல் கமிஷனர் ஜி. என். டெய்லர் என்ற வெள்ளைக்காரர். கோயில் பூசை, சத்திரம், தண்ணீர்ப்பந்தல், வேதம் ஓதுதல், ஏரி பராமரிப்பு, கிராம ஊழியம் என்று பழைய அரசர்களும் நவாபுகளும் பாளையக்காரர்களும் விட்டிருந்த நிலங்கள் ஏராளம். அவற்றுக்கு வரி கிடையாது, இருந்தாலும் குறைவு. தனி ஆளுக்கு விட்ட இனாம் என்றால், நேர் வாரிசு அற்றுப்போகும்போது நிலம் சர்க்காருக்குத் திரும்பிவிடும் என்பது கம்பெனி காலத்து விதி. கமிஷன் ஒரு சமரசம் செய்தது. வருஷா வருஷம் கொஞ்சம் தீர்வை கட்ட ஒப்புக்கொண்டால் இனி வாரிசு விசாரணை இல்லை; நிலம் உன் சொந்தம், விற்கலாம், தானம் கொடுக்கலாம். தர்மத்துக்கும் கோயிலுக்கும் விட்ட நிலமானால் அந்தக் காரியம் நடக்கும் வரை மானியமும் நடக்கும். இதை முடிவு செய்ய ஊர் ஊராக டிப்டி கலெக்டர்கள் விசாரித்து எழுதியதுதான் 'இனாம் ஃபேர் ரிஜிஸ்தர்'. சென்னை எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் இந்தப் பதிவேடுகளைப் பார்க்கலாம்.

இதில் கிராமம், சர்வே விவரம், விஸ்தீரணம் போக, யார் கொடுத்தது, முதலில் யாருக்கு, பழைய கணக்கில் யார் பெயர், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, எந்த ஊரில் இருக்கிறார், முதல் ஆளுக்கு என்ன உறவு, உயிரோடிருக்கும் வாரிசுகள் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசியில் உத்தரவும் டைட்டில் டீட் நம்பரும். ஒரே வரியில் மூன்று, நான்கு தலைமுறை வந்துவிடுகிறது. வருஷம் பசலியில் இருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1272 என்றால் 1862-63. பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும். கண்ணால் படித்தால் பிடிபடாது. வாய்விட்டுப் படியுங்கள், பாட்டி கூப்பிட்ட குரல் கேட்கும்.

எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். வீட்டில் தர்ப்பணம் கொடுக்கிற வழக்கம் கிடையாது. பிராமண நண்பர்கள் மூன்று தலைமுறைப் பெயரை வாயாலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, ஒரு ஜினதாசன், ஒரு அப்பாண்டை, மறுபடி ஜினதாசன், மறுபடி அப்பாண்டை என்றே போகும். எந்த அப்பாண்டை எவர் என்று யாருக்கும் தெரியாது. இனாம் பதிவேட்டின் வயதுக் கட்டம்தான் எனக்கு இதைப் பிரித்துக் கொடுத்தது. எங்கள் ஊர்க் கணக்கில் தண்ணீர்ப்பந்தல் தர்மத்துக்காக விட்ட ஒரு சின்னப் புன்செய். நடத்துகிறவர் ஜினதாச நயினார், வயது 52, முதலில் பெற்ற அப்பாண்டையின் பேரன். மகன் அப்பாண்டை, வயது 19. இந்தப் பத்தொன்பது வயதுக்காரர்தான் என் தாத்தாவுக்குத் தாத்தா. எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுத்தது என்பதே அதுவரை ஒருவருக்கும் தெரியாது!

ஒன்று கவனிக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் அனுபவம் இருந்தால் சனது இல்லாவிட்டாலும் உரிமை செல்லும் என்பது அன்றைய விதி. ஆகவே விசாரணைக்கு வந்தவர்கள் தாத்தாவைச் சற்றுப் பின்னால் தள்ளிச் சொல்ல ஆசைப்பட்டிருப்பார்கள். உறவையும் வயதையும் நம்பலாம். கொடுத்த வருஷத்தை இன்னொரு சாட்சி இல்லாமல் நம்பக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பெரிய குறை வேறு. நான் புரட்டிய பக்கங்களில் வாரிசு என்றால் ஆண்தான். மனைவி, மகள் பெயரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போயிற்று. போளூர் அருகே திருமலையில் குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கு வைத்த சாமுண்டப்பை என்ற பெண்ணின் பெயர் முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல்லில் இன்றைக்கும் நிற்கிறது. நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி அவர். எண்ணூறு வருஷம் கழித்து வந்த காகிதத்தில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்கும் இடமில்லை.

பெண்களைத் தேடுகிறவர் பென்ஷன் காகிதத்துக்கு வர வேண்டும். அங்கே விதவைதான் முக்கியம். நம் மன்றத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் முதலில் ஊரைவிட்டு வந்தவர் ரயில்வேயிலோ பட்டாளத்திலோ வேலை பார்த்தவர்தான். ரயில்வேயில் பென்ஷன் முறை 16.11.1957இல் வந்தது, மத்திய அரசின் குடும்ப பென்ஷன் திட்டம் 1.1.1964இல். சர்வீஸ் புத்தகத்தில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், மச்ச அடையாளம் வரை இருக்கும். பட்டாளத்தில் 'கின்ட்ரெட் ரோல்' என்று உறவினர் பட்டியலே தனியாக உண்டு. சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் 1972 ஆகஸ்டு 15 முதல். குறைந்தது ஆறு மாதச் சிறை என்பது பொது விதி. சிறைப் பதிவு கிடைக்காதவர்கள் உடன் சிறையிருந்தவரிடம் சான்று வாங்கி இணைத்தார்கள். தாத்தா யாரோடு சிறையில் இருந்தார் என்பது அதில் தெரிந்துவிடும்.

என் பெரியப்பா கரக்பூர் ரயில்வே பட்டறையில் இருந்தவர். பெரியம்மாவை எல்லாரும் 'கரக்பூர் பெரியம்மா' என்றே கூப்பிட்டோம். அவர் காலமான பின் தகரப் பெட்டியில் கிடந்த குடும்ப விவரப் படிவத்தின் நகலில்தான் அவர் முழுப் பெயரைப் பார்த்தேன்: பத்மாவதி. அதற்குக் கீழே மூன்று பிள்ளைகள். எனக்குத் தெரிந்தது இரண்டு அண்ணன்மார். மூன்றாவது வரியில் மகள், சுலோசனா, பிறந்த தேதி 1955. பெரிய அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதினோரு வயசுல ஜுரத்துல போயிட்டாப்பா. அம்மா இருக்கறவரைக்கும் அந்தப் பேரை வீட்ல சொல்லக்கூடாது" என்றார். போட்டோ கிடையாது. எங்கள் கையில் இருப்பதில் அவள் பெயர் உள்ள காகிதம் அது ஒன்றுதான்.

அசல் கோப்பைப் பார்க்கலாமா என்று விசாரித்தேன். காலக்கெடு முடிந்து கழித்துவிட்டோம் என்று அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். விதிப்படி சரிதான். பென்ஷன் ஆர்டர் நம்பர், சர்வீஸ் புத்தக நகல், நாமினேஷன் படிவம் இவை பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில்தான் தப்பிப் பிழைக்கின்றன. வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரனுக்கு முதலில் போவதும் அவைதான்.

தண்ணீர்ப்பந்தல் நிலக் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன இனாம்களை 1963ஆம் வருஷத்து 30ஆம் சட்டம் ஒழித்தது. அப்போது பட்டா யாருக்கு என்று செட்டில்மெண்ட் தாசில்தார் மறுபடி விசாரித்தார்கள். வாரிசுகள் மறுபடி பெயர் கொடுத்தார்கள். அந்த உத்தரவின் நகல் கிடைத்தால் 1862க்கும் 1963க்கும் நடுவே விட்டுப்போன இரண்டு தலைமுறை ஒட்டிக்கொள்ளும். டைட்டில் டீட் நம்பரைக் குறித்து மனு எழுதி வைத்திருக்கிறேன். கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.